எண்பது காட்டிய முள்

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் என் அம்பாசடரின் ஆயில் பிரஷர் மீட்டர் படக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. போன ஜனவரியில் நடந்தது. அதற்கப்புறம் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆபீஸில், கல்யாண வீட்டில், ஒரு தடவை பல் டாக்டருக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூட. எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வேன்: ஒரு மெக்கானிக் இன்ஜினை இறக்கணும், 65,000 ஆகும் என்று சொன்னார், இன்னொரு பெரியவர் பத்து ரூபாய் ரப்பர் புஷ்ஷில் முடித்துவிட்டார். கேட்பவர்களுக்கும் இது பிடித்துப்போகும், உடனே தங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கதையைச் சொல்வார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கதையில் வில்லன் இருக்கமாட்டார், நானும் அவ்வளவு கெட்டிக்காரனாகத் தெரியமாட்டேன்.

வண்டி 1986 மாடல், மார்க் 4, அந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். 2019ல் ஒரு ரைஸ் மில்காரரிடமிருந்து வாங்கினேன். வண்டியை அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார், ஒரே ஒரு ஆசை மட்டும் அவருக்கு இருந்திருக்கிறது: மீட்டர். டேஷ்போர்டுக்குக் கீழே தகரம் வளைத்து, அதில் ஒரு வட்ட ஆயில் பிரஷர் மீட்டரைத் தனியாக மாட்டியிருந்தார். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், பூஜ்யத்திலிருந்து 150 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரை. இன்ஜின் பிளாக்கில் ஆயில் லைட்டுக்கான ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இந்த மீட்டருக்கான சென்சாரைத் திருகிவிட்டதால் சிவப்பு லைட் அநாதையாகிவிட்டது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. லைட் என்றால் எரியும், அல்லது எரியாது. மீட்டர் என்றால் எண் சொல்லும். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவன், எண் சொல்லும் எதன் மீதும் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அந்த எண்ணும் எப்பேர்ப்பட்ட எண்! காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 110க்கு எகிறும். சூடாகி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 80ல் அசையாமல் நிற்கும். வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், 20. அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டியிருக்கிறேன். ஒருவர் வண்டியில் 40தான் வரும், அவர் முகம் வாடிப்போனது. 'பழைய காலத்து இரும்புங்க' என்று நான் பெருமையாகச் சொன்னது இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஒன்பதாவது வளைவு

அன்றைக்கு மனைவி, மகள், நான். ஆழியாரில் ஆரம்பித்து வால்பாறை போய்ச் சேர்வதற்குள் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பெரும்பாலும் இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர். வரையாடு தெரியும் என்று மகள் முன்சீட்டில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். வளைவுக்கு முன்னால் முதல் கியருக்கு மாற்றி ஆக்சிலரேட்டரை அழுத்தினேன், முள் விழுந்தது. மெதுவாக இறங்கவில்லை, கையால் தட்டிவிட்ட மாதிரி விழுந்தது. நான் ஏதோ கத்தியிருக்கிறேன். அந்தக் கத்தல் வீடியோவில் இருக்கிறது, எழுதக்கூடிய வார்த்தை இல்லை. ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்தேன். அதைச் செய்தது மட்டும் சரி. ஆயில் பிரஷர் உண்மையிலேயே பூஜ்யம் என்றால் கிராங்கும் அதோடு ஒட்டியிருக்கும் 'மெட்டல்' என்கிற பேரிங்கும் உலோகத்தோடு உலோகமாக உரச ஆரம்பிக்கும், அதற்கு ஒரு நிமிஷம்கூட அதிகம்.

பானெட்டைத் திறந்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே சரியாக இருந்தது. கீழே சொட்டவில்லை. சுற்றிக் குரங்குகள் வந்துவிட்டன, மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கீழே ஆழியார் அணைத் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது, வருகிறவர்கள் எல்லாம் இறங்கி செல்ஃபி எடுத்தார்கள். ஒரு குடும்பம் எங்கள் வண்டியைப் பின்னால் வைத்தே எடுத்தது, திறந்த பானெட்டோடு.

தேயிலை எஸ்டேட் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. இன்ஜினின் உச்சியை மூடும் ராக்கர் கவர் மேல் இருக்கும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார், செல்போன் லைட்டை உள்ளே காட்டினார், 'ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா, ரேஸ் குடுக்காதீங்க' என்றார். எனக்குச் சாவியைத் திருகவே கை வரவில்லை. பண்ணினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு அரை நிமிஷம். 'ஆயில் மேல ஏறி வருது. வால்வு மேல சொட்டுது, நீங்களே பாருங்க. பிரஷர் இல்லாம அது எப்பிடி இத்தன ஒசரம் வரும்? சத்தமும் இல்ல. தண்ணி இல்லாத மோட்டார் கத்துற மாதிரி கத்தியிருக்கும் இந்நேரம்' என்றார். நானும் பார்த்தேன், ராக்கர் ஷாஃப்ட் ஓரத்தில் ஆயில் வழவழவென்று வழிந்து கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தால் முள் 20ல் நிற்கிறது, ஒன்றுமே நடக்காதது போல. எனக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. செத்தவன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட மாதிரி.

வால்பாறை போகவில்லை. வண்டியைத் திருப்பி மெதுவாக இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். இறக்கத்தில் முள் சமர்த்தாக இருந்தது. பொள்ளாச்சி தாண்டி கோவை ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை எடுக்கும்போது மட்டும் ஒரு நொடி விழுந்து எழுந்தது.

மூன்று நாள்

வழக்கமாகப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் பெயரோ இடமோ இங்கே வேண்டாம். வண்டியை உள்ளே எடுக்கும்போதே முள் விழுந்து எழுந்ததை அவரும் பார்த்தார். 'மெட்டல் போயிருச்சு சார்' என்றார். பழைய இன்ஜின், சூடானதும் ஆயில் நீர்த்துப்போகிறது, தேய்ந்த இடைவெளி வழியாக ஒழுகிவிடுகிறது, மேட்டில் பம்ப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்ஜினை இறக்கி, கிராங்க் கிரைண்ட் பண்ணி, மெட்டல் செட் மாற்றி, ஆயில் பம்ப் புதுசு போட்டு, அப்படியே சிலிண்டரையும் போர் பண்ணி பிஸ்டனும் போட்டுவிடலாம். 65,000. அட்வான்ஸ் பத்தாயிரம். எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை, கையை மார்பில் கட்டிக்கொண்டு சொன்னார்.

அவர் சொன்ன விளக்கத்தில் ஒரு எழுத்து தப்பில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயில் பிரஷர் என்று நாம் சொல்வது பம்ப் மட்டும் உண்டாக்குவது கிடையாது. பம்ப் தள்ளுவது ஆயிலை, அந்த ஆயில் வெளியேற எவ்வளவு சந்து இருக்கிறது என்பதுதான் பிரஷரைத் தீர்மானிக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் பீய்ச்சுகிறது, விரலை எடுத்தால் தொங்கிவிடுகிறது, அதே கதைதான். மெட்டல் தேயத் தேய விரல் விலகிக்கொண்டே போகிறது. அதனால்தான் சூடான ஐடிலிங்கில் காட்டும் எண்ணை வைத்து இன்ஜினின் வயசைச் சொல்லிவிடலாம் என்பார்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு) பத்து பிஎஸ்ஐ வேண்டும் என்று ஒரு பழைய கணக்கும் உண்டு.

மூன்று நாள் தூங்கவில்லை. மனைவி வண்டியை வித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை, அதைவிட மோசமாக 'உங்க இஷ்டம்' என்றார். பத்தாயிரத்தை எடுத்து சட்டைப்பையில் வைத்துவிட்டேன். போகும் வழியில், 40 காட்டும் வண்டிக்கார நண்பர், அதே நண்பர்தான், போனில் ஒரு கேள்வி கேட்டார்: 'தனியா ஒரு மீட்டர் போட்டுப் பாத்தாங்களா?' ஆபீஸில் ஒரு பேலன்ஸ் ஷீட் தப்பாக இருந்தால் முதலில் கம்பெனியை மூடச் சொல்லமாட்டேன், வவுச்சரை எடுத்துவரச் சொல்வேன். அது என் வேலை. இங்கே மட்டும் எப்படித் தோன்றாமல் போனது?

கோட்டுக்கு மேலயா, கீழயா

அந்த நண்பர் சொல்லித்தான் சுந்தராபுரம் தாண்டி ஒரு பெரியவரிடம் போனேன். எழுபது தாண்டியவர், ஒர்க்‌ஷாப் என்று போர்டுகூட இல்லை, வேப்ப மரமும் ஒரு குழியும்தான். நான் கதையை முழுவதும் சொன்னேன். இன்ஜினையே பார்க்காமல் அவர் கேட்ட முதல் கேள்வி: 'முள்ளு விழுந்துச்சுன்னீங்களே தம்பி, பூஜ்யம் கோட்டு மேல நின்னுச்சுங்களா, கோட்டுக்குக் கீழ போயிருச்சுங்களா?'

அதென்ன கேள்வி என்று தோன்றியது. ஞாபகமில்லை என்று சொல்லப் போனபோதுதான் மகளின் வீடியோ நினைவுக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அங்கேயே மரத்தடியில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம். மலை, மலை, மலை, என் கத்தல், படம் குலுங்கி மீட்டர் பக்கம் திரும்புகிறது, நான்கு நொடி. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனை மூக்கருகே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். நிறுத்திப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது. முள் பூஜ்யக் கோட்டில் இல்லை, அதற்கும் கீழே, ஒரு நெல்மணி அளவு தள்ளி, அங்கே இருக்கும் குட்டி ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது. 'இனி கடைசியப் பாருங்க' என்றார். ஓரம் கட்டும்போது நான் கிளட்ச்சை மிதித்திருக்கிறேன், அந்தக் கணம் முள் துடித்து மேலே எழுகிறது, உடனே நான் சாவியைத் திருகியதில் செத்துப்போகிறது. நானே எடுத்த முடிவு அந்த ஆதாரத்தை மறைத்திருக்கிறது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த வகை மீட்டருக்குச் சென்சார் என்பது பிரஷருக்கு ஏற்ப மாறும் ஒரு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை), அவ்வளவுதான். பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு பிரஷரில் 180 ஓம் பக்கம். அமெரிக்க வகை மீட்டர்கள் தலைகீழ், பூஜ்யத்துக்கு 240, முழுசுக்கு 33. அதையும் இதையும் கலந்து மாட்டினால் சிரிப்பாகிவிடும். என்னுடையது 10-180 ரகம். அப்படியென்றால் இன்ஜினில் பிரஷரே இல்லை என்றாலும் ஒயரில் 10 ஓம் இருக்கும், முள் சரியாகப் பூஜ்யக் கோட்டில் உட்காரும். கோட்டுக்குக் கீழே போக வேண்டும் என்றால் ரெசிஸ்டன்ஸ் பத்துக்கும் கீழே போக வேண்டும். சென்சாரால் அது முடியாது. ஒயர் எங்கேயோ பாடியில் தொட்டு எர்த் ஆனால்தான் முடியும். அல்லது மீட்டருக்கு வரும் கரண்ட் நின்றிருக்க வேண்டும். ஆக, அந்த நெல்மணி அளவு இடைவெளி 'இன்ஜின் நல்லாருக்குதோ இல்லையோ, இந்த முள்ளு இன்ஜினைப் பத்திப் பேசலை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அது என் போனில் இருந்தது.

அப்புறம்தான் பானெட். சாவியை ஆன் பண்ணி, சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினார், முள் 150க்கு ஓடி முட்டியது. ஒயர் நுனியைப் பிளாக்கில் வைத்தார், கோட்டுக்குக் கீழே விழுந்தது, வீடியோவில் இருந்த அதே இடத்துக்கு. மீட்டர் சரி, கரண்ட் சரி. ஒயரை மறுபடி மாட்டி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஒரு பழைய கட்டில் கால் மாதிரியான மரக்கட்டையை இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் விட்டு நெம்பினார். முள் விழுந்தது. விட்டார், எழுந்தது. நெம்பினார், விழுந்தது. நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு 'விழுந்துருச்சுங்க, எந்திரிச்சுருச்சுங்க' என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கத்தில் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் பிய்ந்துபோயிருந்தது. மேட்டில் முதல் கியரில் இழுக்கும்போது இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சாயும்போது சென்சார் ஒயரையும் கூடவே இழுக்கிறது. அந்த ஒயர் இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லை, வெறும் தகர விளிம்பு. ரைஸ் மில்காரரின் எலக்ட்ரீஷியன் டிரில் போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். வருஷக்கணக்கில் உரசி உரசி பச்சை ஒயரின் தோல் கால் அங்குலத்துக்கு உரிந்து, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. இழுத்தால் அது தகரத்தில் படும், விட்டால் விலகும். இறக்கத்தில் ஏன் சமர்த்தாக இருந்தது, சிக்னலில் ஏன் விழுந்து எழுந்தது, லாரிக்காரர் பார்த்தபோது ஏன் 20ல் நின்றது எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒயரை வெட்டி ஒட்டி, ஸ்லீவ் போட்டு, பத்து ரூபாய் புஷ்ஷை ஓட்டையில் வைத்தார். மவுண்டிங்குக்கு மறுநாள் வரச் சொன்னார்.

இதுவரைதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

சொல்லாமல் விட்டது

கிளம்பலாம் என்று பர்ஸை எடுத்தேன். வண்டி சூடாக ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு லேசாக ரேஸ் கொடுக்கச் சொன்னார். முள் 80ல் நின்றது. நான் வழக்கம்போலப் பெருமையாக அவரைப் பார்த்தேன். அவர் மூஞ்சி மாறவில்லை. 'எப்பவும் இப்பிடித்தான் காட்டுங்களா?' என்றார். எப்பவும் இப்படித்தான் என்றேன். 'முப்பத்தெட்டு வருசத்து இன்ஜினு, சூடான ஆயிலு, 80 எங்கிருந்துங்க தம்பி வரும்?'

பழைய துணியைப் பெட்ரோலில் நனைத்துச் சென்சாரைத் துடைத்தார். ஆறுமுனை நட்டுப் பகுதியில் ஒட்டியிருந்த கறுப்பு மெழுகு போனதும் எழுத்து தெரிந்தது. 0-5 பார். பார் என்பது பிஎஸ்ஐ மாதிரி இன்னொரு பிரஷர் அளவு. அவர் திரும்பி மீட்டரைப் பார்த்தார். 150 பிஎஸ்ஐ, அதாவது 10 பார். பிறகு சிரித்தார், பல் தெரியாமல், தோள் மட்டும் குலுங்க.

அஞ்சு பார் சென்சாரைப் பத்து பார் மீட்டரில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்க வேண்டியதில்லை. எல்லாம் இரட்டிப்பு. அவரிடம் சொந்தமாக ஒரு டெஸ்ட் மீட்டர் இருந்தது, பித்தளை உடம்பு, லேத்தில் கடைந்த முனைகள், ஒரு முழம் ஹோஸ். இதில் கரண்டே கிடையாது. உள்ளே வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும், ஆயில் அதற்குள் நுழைந்து அழுத்தும்போது அது நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் தள்ளும். தேர்த் திருவிழாவில் ஊதினால் சுருள் பிரிந்து நீளும் காகிதப் பீப்பி மாதிரி. யூஜீன் போர்டோன் என்கிற பிரெஞ்சுக்காரர் 1849ல் காப்புரிமை வாங்கிய யோசனை, அன்றிலிருந்து இன்றுவரை சிலிண்டர் கடை, பாய்லர், பஞ்சர் கடை எல்லா இடத்திலும் அதுதான். சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் அந்த மீட்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணினோம். ஓடும் வேகத்தில் 40. ஐடிலிங்கில் முள் மெல்ல இறங்கி, 10க்கும் கொஞ்சம் கீழே, நடுங்கிக்கொண்டு நின்றது.

நான் பேசவே இல்லை. ஐந்து வருஷமாக நான் நம்பிய 20, உண்மையில் 10. இந்த வகை இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் சூட்டில் ஐடிலிங்கில் 15ஆவது இருக்க வேண்டும், ஓடும்போது 50 பக்கம் இருக்க வேண்டும் என்றார் பெரியவர். 'பயப்படாதீங்க, நாளைக்கே நின்னுறாது. ஆனா மெட்டல் தேஞ்சிருக்குதுங்க. தீவாளிக்குள்ள பாத்துக்கங்க.' அதாவது மெட்டல் போய்விட்டது. அதாவது அந்த முதல் மெக்கானிக் சொன்னது.

இதுதான் எனக்கு இன்னும் செரிக்காமல் இருப்பது. அவர் ஒயரைப் பார்க்கவில்லை, மீட்டர் போடவில்லை, முள் விழுந்ததை வைத்து முடிவு சொன்னார், அந்த முள் விழுந்ததற்கும் மெட்டலுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மெட்டல் தேய்ந்துதான் இருந்தது. அவர் குருட்டாம்போக்கில் அடித்தாரா, அல்லது முப்பது வருஷம் அம்பாசடர் பார்த்த காதுக்கு ஏதோ கேட்டு, அதைச் சொல்லத் தெரியாமல் முள்ளைக் கைகாட்டினாரா? எனக்குத் தெரியவில்லை. ஆடிட்டில் இப்படி ஒன்று வந்தால் என்ன எழுதுவேன் என்று யோசித்திருக்கிறேன். ஆதாரம் தப்பு, தொகை சரி. அப்படி ஒரு பத்தி எழுத ஃபார்மட்டே கிடையாது.

இன்னொன்றும் செரிக்கவில்லை. ஒயர் பழுதாகி முள் விழுந்த அன்றைக்கு நான் மீட்டரைத் திட்டினேன், ஆனால் அந்த விழுகையால்தான் நான் பெரியவரிடம் போனேன். அதற்கு முந்தைய ஐந்து வருஷம், மீட்டர் 'நன்றாக வேலை செய்த' ஐந்து வருஷம், அது என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் யாராவது மீட்டரைச் சோதிக்கலாமா என்று கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். நல்ல சேதி சொல்பவனிடம் யார் வவுச்சர் கேட்கிறார்கள்?

நிம்மதிக்கான மீட்டர்

புது சென்சார் வாங்கி மாட்டினேன், 10 பார், டயலுக்குப் பொருத்தமானது. இந்த முறை இரண்டு முனை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். ஜி என்று போட்டிருக்கும் முனை மீட்டருக்கு, டபிள்யூகே என்று போட்டிருப்பது சிவப்பு லைட்டுக்கு. அநாதையாகக் கிடந்த லைட்டுக்கும் வாழ்வு வந்தது. கடைக்காரர் நூலில் டெஃப்லான் டேப் சுற்றிக் கொடுக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இந்தச் சென்சாருக்குத் திருகும் நூல் வழியாகத்தான் எர்த். டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிட்டால் எர்த் கெட்டு, முள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். மறுபடி ஒரு இனிப்புப் பொய் வேண்டாம்.

சரியான சென்சார் மாட்டிய நாளிலிருந்து வண்டி ஓட்டுவதே வேதனையாகிவிட்டது. சிக்னலில் நின்றால் முள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதே வண்டி, அதே இன்ஜின், போன மாதம் இப்படித்தான் இருந்தது, அப்போது பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெஞ்சு அடைக்கிறது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மனைவி சொன்னார்: 'அந்தப் பழசையே மாட்டிடுங்க. நிம்மதியாவாவது இருப்பீங்க.'

நான் சிரித்தேன், ஆனால் இது பெரிய கம்பெனிகளே யோசித்துச் செய்த காரியம். ஃபோர்டு 1980களின் பின்பாதியிலிருந்து அமெரிக்காவில் விற்ற நிறைய பிக்கப்களில் ஆயில் மீட்டர் என்று இருந்தது வெறும் ஸ்விட்ச்தான். ஆறேழு பிஎஸ்ஐ தாண்டினால் போதும், முள் போய் நடுவில் நிற்கும், பிரஷர் அதற்கு மேல் எவ்வளவு என்றாலும் அசையாது. மஸ்தா எம்எக்ஸ்-5 காரில் முதலில் நிஜ மீட்டர் இருந்தது, 1995 மாடலில் அதையும் இப்படி மாற்றினார்கள். ஐடிலிங்கில் முள் இறங்குவதைப் பார்த்துப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரும் ஆட்களின் தொல்லை தாங்காமல்தான் இப்படி என்று பரவலாகச் சொல்வார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் சூடு காட்டும் மீட்டரும் அப்படித்தான், நடுவில் ஒரு பெரிய எல்லைக்குள் சூடு எப்படி மாறினாலும் முள் அசையாது. அவர்களைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். முள் தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவினாசி ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் அந்த இன்ஜினியர்கள் மேல் அவ்வளவு கோபம் வராது.

பழைய சென்சாரை மாட்டவில்லை. அது ஆபீஸ் மேஜையில் இருக்கிறது, பில் கட்டு பறக்காமல் இருக்க.

ஐப்பசி ஆரம்பத்தில் மெட்டல் மாற்றினேன். சுந்தராபுரத்துப் பெரியவர் குழியில் இறங்கி வேலை செய்வதை நிறுத்திவிட்டார், முழங்கால். வேறு இரண்டு மூன்று இடம் விசாரித்துவிட்டு, சுற்றிச் சுற்றி முதல் மெக்கானிக்கிடமே போனேன். ஊரெல்லாம் அவரைப் பற்றி நான் சொல்லிவைத்திருந்தது அவர் காதுக்கு வந்ததா தெரியாது, முகத்தில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை நான் எண்களோடு போனேன்: டெஸ்ட் மீட்டரில் சூட்டில் ஐடிலிங் 10க்குக் கீழே, ஓட்டத்தில் 40. இன்ஜினை இறக்க வேண்டாம், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றிக் கீழேயிருந்தே பார்க்கலாம், கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம் என்றேன். சரி சார் என்றார். அளந்தோம், கிராங்க் நன்றாக இருந்தது, கிரைண்ட் பண்ண வேண்டியதில்லை. மெட்டல் செட், ஆயில் பம்ப், கேஸ்கட், 20டபிள்யூ-50 ஆயில், கூலி, எல்லாம் சேர்த்து 14,000 ஆனது.

கழற்றிய மெட்டல்களை ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார். பிறை நிலா மாதிரி எட்டுத் துண்டு, கனெக்டிங் ராட் மெட்டல். மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பூச்சு பாதிக்கு மேல் போய், உள்ளே இருந்த செம்பு நிறம் வெளியே தெரிந்தது. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தால் தடவிப் பார்த்தேன், வரி வரியாக இருந்தது.

'நான் அப்பவே சொன்னேன்ல சார்' என்றார்.

'ஆமாங்க' என்றேன்.